முக்காலியில் மழை பெய்தால்

அட்டப்பாடி மலையிலுள்ள அகளியில் புல்லாங்குழல் வாசிக்கிறவன் இரண்டு காற்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று அவன் வாயிலிருந்து போவது, மற்றது மலையிலிருந்து வருவது. மேற்கே முக்காலி, அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். அந்தப் பக்கத்து மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். கிழக்கே கோட்டத்தறை, ஆனைகட்டி. அது மழை மறைவுப் பூமி, 1,000 மில்லிமீட்டரை எட்டுகிற ஆண்டே அபூர்வம். அந்த ஈரத்திலிருந்து இந்த வறட்சியை நோக்கிப் பவானி ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கே ஓடுகிற மூன்று ஆறுகளில் அதுவும் ஒன்று. நாங்கள் நடுவில் இருக்கிறோம். காலையில் முக்காலிக் காற்று அடிக்கும், மதியம் ஆனைகட்டிக் காற்று அடிக்கும். இரண்டுக்கும் என் குழல் ஒரே மாதிரி பேசுவதில்லை.

நான் வித்வான் இல்லை. கூளிக்கடவுப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கோடை வந்தால் வாழைத் தோட்டத்துப் பம்புகள் கருகிப்போய் வரிசையாக வந்து உட்காரும், அப்போது குழலைத் தொட நேரமிருக்காது. மழை பிடித்தால் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை, கடையும் ஓய்ந்துவிடும். ஆகவே சென்னைக்காரர்களுக்கு மார்கழி எப்படியோ, எனக்கு ஆனியும் ஆடியும் அப்படி. ஊருக்கே மழை கொட்டுகிற மாதங்களில்தான் என் சங்கீத சீசன். சபையில் வாசித்ததில்லை. ஐயப்ப பஜனை, கோயில் திருவிழா, யாராவது வீட்டுக் கிருகப்பிரவேசம், அவ்வளவுதான். காசும் வாங்குவதில்லை, யாரும் கொடுக்க முன்வந்ததும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் இருப்பது ஐந்து கட்டைக் குழல். கடையில் குழல் கேட்டால் முதலில் கேட்பது எத்தனை கட்டை என்றுதான். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிய கணக்கு அது. முதல் கட்டையில் ஷட்ஜம் வைத்தால் ஒரு கட்டை, ஐந்தாவதில் வைத்தால் ஐந்து, கறுப்புக் கட்டை அரை. பாரிஸில் 1840களில் காப்புரிமை பெற்ற ஒரு கருவி நம் பாட்டுக்காரர்களின் தொண்டைக்கு எண் போட்டுவிட்டது. அதே ஆர்மோனியத்தை 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி உள்ளே வராதே என்று தடுத்தது. கமகம் பேசாத கருவி, நம் சுருதிகளுக்குப் பொருந்தாத கருவி என்று காரணம் சொன்னார்கள். 1971 வரை கதவு திறக்கவில்லை. தடை இருந்த காலத்திலும் வானொலியில் பாடியவர்களிடம் கட்டைக் கணக்கிலேயே சுருதி கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

குழலின் கணக்கு அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழலுக்கு நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவு சொல்கிறார். விரல் என்பதை முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 15 அங்குலம் வரும். என் குழலை டேப்பில் அளந்து பார்த்தேன், அதைவிடச் சற்றே நீளம். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய உரையும் கோயம்புத்தூர்க் கடையில் வாங்கிய மூங்கிலும் இவ்வளவு நெருங்கி வருவதில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு கைக்கும் விரல் எட்டுகிற தூரம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அந்தக் குழலைக் கச்சேரி மேடையின் நடுவே உட்கார வைத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. பார்வை இல்லாதவர், 1872இல் பிறந்து 1904இல் போய்விட்டார். அவரிடம் கற்றவர் சஞ்சீவராவ். எங்களுக்குப் பக்கத்துப் பல்லடத்துக்காரர் என்பதால் கொங்கு நாட்டுக் குழல்காரர்கள் எல்லோருக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது தோள் சற்று உயரும். பிறகு வந்த மாலி, திருவிடைமருதூர் டி. ஆர். மகாலிங்கம், விரல் பிடிப்பையே மாற்றினார். குரலில் வருகிற வளைவு மூங்கிலிலும் வரும் என்று காட்டிவிட்டார். அந்த விரல் பிடிப்பை நானும் முயல்கிறேன். செப்புக் கம்பியும் வார்னிஷும் பட்டுக் காய்த்துப்போன விரல் நுனி துளையின் விளிம்பைச் சரியாக உணர்வதில்லை. வேலைக்கு உதவுகிற தோல் வாசிப்புக்கு இடைஞ்சல். ஆகையால் நுனியை விட்டு, சற்று உள்ளே சதைப் பகுதியால் மூடப் பழகிக்கொண்டேன். மாலி வேறு காரணத்துக்காகச் செய்திருப்பார், என் காரணம் இது.

வயதான பிறகு குழல் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன், வித்வான்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதல் பாடமாக எல்லோரும் வைப்பது மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வகுத்த வழி என்பார்கள். வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். மூங்கிலின் சுபாவம் வேறு. மேலிருந்து இரண்டு துளையை மூடினால் ஷட்ஜம். அங்கிருந்து விரல்களை அரைகுறையில்லாமல் முழுசாக எடுத்தும் வைத்தும் வந்தால் தானாக விழுவது அரிகாம்போதி. பழந்தமிழிசை ஆராய்ந்தவர்கள் செம்பாலை என்று காட்டுவது இதைத்தான். மாயாமாளவகௌளைக்குப் போனால் சுத்த ரிஷபம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் மூன்றுக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். பாதி என்றால் எவ்வளவு பாதி? நூல் அளவு கூடினால் ஒரு சுரம், குறைந்தால் வேறு சுரம். ஊதவே வராத ஒருவனை முதல் நாளே பாதித் துளையில் நிறுத்தினால், இரண்டாம் மாதம் குழல் பரணுக்குப் போய்விடும். அட்டப்பாடியில் எத்தனை வீட்டுப் பரணில் குழல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் ஆண்டு அரிகாம்போதியில் நடக்கட்டும். கோணல் வழிகள் எங்கேயும் ஓடிவிடாது.

இனி காற்றுக்கு வருகிறேன்.

குழலின் சுருதி அதன் நீளத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. உள்ளே நிற்கிற காற்றின் சூடும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். ஆடி மாதத்துக் காலை 18 டிகிரி, பங்குனி மதியம் 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வேகம் 342 மீட்டரிலிருந்து 352க்குப் போகிறது. சுரக்கணக்கில் சொன்னால் அரைக் கட்டையில் பாதி. வாசிக்க வாசிக்க நம் மூச்சு குழலுக்குள் சூடேற்றுவதால் வித்தியாசம் முழுசாகத் தெரியாது, பாதியளவு தெரியும். ஆனால் அந்தப் பாதியே காதைக் குடைவதற்குப் போதும். காலையில் எடுத்தவுடன் வாசிக்கிற முதல் கீர்த்தனையும், அரை மணி கழித்து வாசிக்கிறதும் ஒரே சுருதியில் நிற்காது.

என்னோடு மிருதங்கம் வாசிப்பவர் ஜீப் ஓட்டுகிறவர். மலைமேல் ஊர்களுக்கு ரேஷன் சாமான், கர்ப்பிணிப் பெண்கள், செங்கல், எல்லாம் ஏற்றிப் போவார். பின் சீட்டில் உறை போட்டு மிருதங்கமும் போகும். மிருதங்கத்தின் கதை இன்னும் விசேஷம். உடல் பலா மரம், இரண்டு பக்கமும் தோல், இழுத்துக் கட்ட வார், வாருக்கு அடியில் மரப்புள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருப்பது கரணை. கிட்டான் கல்லை இடித்துச் சலித்து, சோற்றோடு பிசைந்து, பூசிப் பூசித் தேய்த்து ஏற்றியது. இடது பக்கம் தொப்பி. அதில் வாசிப்பதற்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். ஈரக் காற்று வந்தால் தோல் நெகிழ்ந்து சுருதி இறங்கும். வறண்ட காற்றில் தோல் முறுகிச் சுருதி ஏறும். முக்காலிப் பக்கம் சவாரி போய்விட்டு வந்த அன்று அவர் மிருதங்கம் சோர்ந்து கிடக்கும். ஆனைகட்டி போய்வந்தால் விறைத்து நிற்கும்.

இங்கேதான் எனக்கு வெகுநாள் கழித்து உறைத்த ஒரு விஷயம் இருக்கிறது. மழைக்குளிரில் காற்று மெதுவாகி என் குழல் இறங்குகிறது. அதே ஈரத்தில் தோல் தளர்ந்து அவர் மிருதங்கமும் இறங்குகிறது. வெயிலில் என் மூங்கில் ஏறுகிறது, அவர் தோலும் ஏறுகிறது. காரணம் வேறு வேறு, திசை மட்டும் ஒன்று. மூங்கிலும் பலாவும் தோலும் வானிலையோடு சேர்ந்து மேலும் கீழும் நகர்கின்றன. நகராமல் நிற்பது ஒன்றுதான்: மின்சாரச் சுருதிப் பெட்டி.

அன்று ஒரு மழை நாளில் அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, இன்னைக்குப் பொட்டி மேல நிக்குதுங்களே?"

"பொட்டி நின்ன எடத்துலயேதான் நிக்குது. நாமதான் ரெண்டு பேரும் எறங்கிட்டோம்."

"அப்புறமென்னுங்ணா, அதையும் எறக்கி உடுங்க."

அவர் சொன்னதுதான் சரி. ஆனால் எல்லோரும் செய்வது அதற்கு நேர்மாறு. பெட்டி சொல்வது வேதம் என்று நினைத்து அதைத் துரத்துகிறோம். நான் துரத்தினால் என்ன ஆகும்? குழலை உதட்டிலிருந்து சற்று வெளிப்பக்கம் திருப்பி, இன்னும் வேகமாக ஊத வேண்டும். சுருதி ஏறும், நாதம் மெலிந்துபோகும். மந்திர ஸ்தாயி பஞ்சமம் பேசவே பேசாது, வெறும் காற்றாகப் போகும். அவர் துரத்தினால் கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்புப் பின்னலான மூட்டின் மேல் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும், புள்ளை நகர்த்த வேண்டும். மறுநாள் ஆனைகட்டி வெயிலில் அதே தோல் தானாகவே முறுகும்போது, நேற்று இழுத்த இழுப்பும் சேர்ந்து விளிம்பில் கிழியும். கிழிந்தால் செலவு. எங்கள் மாதிரிப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு மேடையில் மாற்றி எடுக்க இரண்டாவது மிருதங்கம் கிடையாது, குழல் பையில் ஏழெட்டுக் குழல் கிடையாது. இருப்பது ஒன்று. அதன் உடம்பு போகிற போக்கில் போய்த்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

பெட்டியின் மேல் எனக்கு வன்மம் இல்லை. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரின் ராஜ் நாராயண். பொறியாளர், கூடவே புல்லாங்குழல்காரர். தம்புரா போட ஆள் கிடைக்காமல் தவிக்கிற ஒருவரின் தவிப்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து வாசிக்கிற எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் பெட்டிதான் துணை. பெட்டியில் கட்டை மாற்றுகிற குமிழுக்குப் பக்கத்தில் நுண்ணியதாகத் திருகுகிற ஒரு குமிழும் உண்டு. அதைத் தொடாமலே பல பெட்டிகள் தேய்ந்துபோகின்றன. நாங்கள் கண்டுகொண்ட முறை இதுதான்: முதலில் பெட்டியைப் போடுவதில்லை. குழலைக் கால் மணி நேரம் ஊதிச் சூடாக்குவேன். அவர் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து வைத்துக் காற்றாட விடுவார். பிறகு என் ஷட்ஜத்துக்கு அவர் கொஞ்சம் தட்டிச் சேர்ப்பார். இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு பெட்டியைப் போட்டு எங்கள் பக்கம் இழுத்துக்கொள்வோம்.

வெள்ளைக்காரர்களும் இந்தச் சூட்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தான். 1859இல் பிரெஞ்சு அரசாங்கம் சட்டம் போட்டது: குறிப்பிட்ட ஒரு சுரம் நொடிக்கு 435 அதிர்வு, அதுவும் 15 டிகிரி வெப்பத்தில் என்று. லண்டன் பில்ஹார்மானிக் சங்கத்தார் 1896இல் அதைப் பார்த்து, எங்கள் மண்டபம் அதைவிடச் சூடு, 20 டிகிரி, ஆகவே சுருதியும் ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு 439 என்று வைத்தார்கள். கணக்கு தவறு என்று பிற்பாடு சொன்னார்கள், ஏனென்றால் சட்டம் சுருதிக்கவையின் வெப்பத்தைச் சொன்னதே தவிர மண்டபத்துக்கு மண்டபம் சுருதியை மாற்றச் சொல்லவில்லை. எனக்கோ அந்த லண்டன்காரர்கள்மேல் ஒரு பிரியம். ஊதுகருவி வாசிப்பவன் எவனும் அப்படித்தான் யோசிப்பான். கடைசியில் 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440 என்று முடிவு செய்தது. இன்று உலகத்தில் விற்கிற ஏறக்குறைய எல்லாக் கீபோர்டும் அந்த 440இல்தான் பிறக்கிறது. அகளியிலுள்ள மாதா கோயில் பாடகர் குழுவின் கீபோர்டும் அப்படியே.

அந்தக் குழுவில் வாசிக்கிற பையன் ஒருவன் சில மாலைகளில் எங்களோடு உட்காருவான். அவன் அப்பா தலைமுறையில் கோட்டயம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். கட்டை மாற்ற அவனுக்கு ஒரு பொத்தான் போதும், ஐந்து கட்டை, நாலரை கட்டை என்று நொடியில் மாறுவான். முதல் நாள் நாங்கள் 440க்குக் கீழே கிடந்தோம். "சேட்டா, நிங்ஙள் இறங்ஙிப் போயல்லோ" என்றான். கீபோர்டில் நுண்சுருதி மாற்றுகிற இடம் எங்கே என்று தேடச் சொன்னோம். மெனுவுக்குள் மெனுவாகப் போய் எங்கோ ஆழத்தில் கண்டுபிடித்தான். வாங்கி நாலைந்து வருடமாகியும் அவன் அங்கே போனதில்லை. இப்போது வந்து உட்கார்ந்ததும், "இந்நு எத்ர?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பிக்கிறான்.

இந்த மலையில் இதெல்லாம் தெரிந்தவர்கள் எங்களுக்கு வெகு முன்பே இருந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிற ஊர்கள் 190க்கு மேல் உண்டு. இருளர் ஊர்களில் ஆட்டத்துக்குக் கூடினால் நான்கு சத்தம் கேட்கும்: கொகாலு, பொறெ, தவில், ஜால்ரா. கொகாலு ஊதுகருவி. பொறெயும் தவிலும் தோல். சாமை, ராகி விதைக்கிற காலத்தில் கம்பளம் என்று கொண்டாடுவார்கள். காட்டில் ஒரு பக்கம் விதைப்பும் கொத்தும் நடக்க, மறுபக்கம் வாத்தியம் முழங்கும். சாவுக்கும் அதே வாத்தியங்கள்தான். வாசிப்பவர்களுக்குப் பகலில் வேறு வேலை: வேலையுறுதித் திட்டப் பணி, ஆடு, தோட்டக் கூலி. எங்கள் மொழியில் சொன்னால் எல்லோரும் பொழுதுபோக்குக்காரர்கள். ஆனால் அந்தச் சொல் அங்கே செல்லாது. நான் வாசிக்காவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே கொகாலு வராவிட்டால் காரியம் தொடங்காது.

பக்கத்து ஊரில் கொகாலு ஊதுகிற பெரியவர் ஒருவரைத் தெரியும். அவர் பம்பு ஒன்றை நான்தான் வைண்டிங் கட்டிக் கொடுத்தேன். ஆட்டத்துக்கு முன் தோலை நெருப்பில் காட்டுவார்கள். தட்டிப் பார்ப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். நான் இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியில் குமிழைத் திருகிச் செய்வதை அவர்கள் நாலு சுள்ளியை வைத்துச் செய்கிறார்கள். வித்தியாசம், நான் பெட்டியை வானிலைக்கு இறக்குகிறேன், அவர்கள் வானிலையை நெருப்பால் சரிக்கட்டுகிறார்கள். கொகாலின் சுருதி எத்தனை கட்டை என்று அறிய ஆசைப்பட்டுக் கைபேசிச் செயலியை நீட்டினேன். முள் இரண்டு சுரங்களுக்கு நடுவே நின்று நடுங்கியது. பெரியவர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, அதுல கோட்டத்தறை ஆசுபத்திரிக்குப் போன் போகுமா?"

"போகுங்க."

"அப்ப மருமவளுக்கு ஒரு போன் போட்டுக் குடு. டாக்டரு வந்துட்டாரான்னு கேக்கோணும்."

போட்டுக் கொடுத்தேன். அளவெடுப்பு அன்றோடு முடிந்தது. அதன் பிறகு இரண்டு கொகாலு சேர்ந்து ஊதுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டும் முடி இழையளவு பிசகி நிற்கும். அந்தப் பிசகலில் ஒரு அதிர்வு எழும், திறந்த வெளியில் வெகுதூரம் போகும். துல்லியமாகச் சேர்த்துவிட்டால் அந்த அதிர்வு போய்விடும் என்பது என் ஊகம்.

அகளி பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டுக்காரர் நஞ்சியம்மா. நக்குப்பதி ஊர்க்காரர், ஆடு மேய்த்தவர். 2020இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அவரே கட்டிய பாட்டை அவரே பாடினார். கதை நடப்பதும் அட்டப்பாடியில்தான். இயக்குநர் சச்சி அதே ஆண்டு ஜூனில் இறந்துபோனார். 2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவித்தபோது சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா என்று வந்தது. செப்டம்பர் கடைசியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். அகளிக் கடைத்தெருவில் அந்த நாட்களில் வேறு பேச்சில்லை. ஆனால் அறிவிப்பு வந்த கையோடு ஓர் இசைக்கலைஞர் கேள்வி எழுப்பினார்: சுருதி கொடுத்தால் அதற்குள் நின்று ஒரு சாதாரணப் பாட்டு அவரால் பாட முடியுமா, காலமெல்லாம் சாதகம் செய்கிறவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று. பல பாடகர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்று பதில் சொன்னார்கள். உணர்ச்சியோடு சொன்ன பதில்கள் அவை.

எனக்கு அந்தக் கேள்வியை அதன் இடத்திலேயே வைத்துப் பார்க்கத் தோன்றியது. சாதகம் செய்கிறவர்களின் மனவருத்தம் பொய் இல்லை. நானே அதிகாலையில் நீண்ட சுரம் ஊதி ஊதி உதடு மரத்துப்போனவன். விருது ஒரு பாட்டுக்கா, வாழ்நாள் உழைப்புக்கா என்று விவாதிக்கலாம். ஆனால் 'சுருதி கொடுத்தால்' என்கிறாரே, யார் கொடுக்கிற சுருதி? 440இல் பிறந்த கீபோர்டு கொடுப்பது. அது இங்கே வந்து சேர்வதற்கு முன்பே ஊரில் பாட்டு இருந்தது. பாடுகிறவள் எடுத்த இடத்துக்குக் கொகாலு வரும், தோலைக் காய்ச்சி அதோடு கூட்டுவார்கள். எடுக்கிற இடம் இரவுக்கு இரவு மாறும். அது சுருதி இல்லாமை அல்ல. சேர்ந்து வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில், அந்த வேளையில் செய்துகொள்கிற ஒப்பந்தம். நமது கச்சேரியிலும் நூறு ஆண்டு முன்பு வரை இதே கதைதான். பாடகர் தொண்டைக்குத் தம்புராவை மீட்டிச் சேர்த்தார்கள், தம்புராவுக்கு மிருதங்கத்தைச் சேர்த்தார்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்த நாதத்துக்குத் தோலைத் தேர்ந்து, வெட்டி, கட்டிக் கொடுத்த பர்லாந்தைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதும்வரை எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? தோலைத் தொட்டவர்களின் காதுதான் சுருதியின் முதல் காது. நெருப்பருகே உட்கார்ந்து பொறெயைத் தட்டிப் பார்க்கிறவரின் காதும் அந்த வகைதான்.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் குழல்காரர்கள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். மூங்கில் கிழக்குக் காற்றில் வெடிக்கும். நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கீறல் விழும், துளையை எட்டிவிட்டால் குழல் போச்சு. என் தொழில் இங்கே கைகொடுத்தது. ஸ்டேட்டர் சுருளைக் கட்டுகிற பழக்கத்தில், துளைகளுக்கு இடையே மெல்லிய நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிவிடுவேன். முடிச்சு மேலே தெரியாமல் நூலுக்கு அடியிலேயே வாலை இழுத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசலாமா என்று கேட்பார்கள். நூலின் மேல் மட்டும் லேசாகப் பூசலாம். வாய் வைக்கிற துளைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, மோட்டாருக்குப் போடுகிறதை உதட்டுக்குப் போடக் கூடாது. உள்ளே எண்ணெய் விடுவது மாதம் ஒரு முறை, பஞ்சில் நனைத்துக் குச்சியில் கட்டி ஓட்டினால் போதும். ஆனைகட்டி வெயிலில் கூட ஒரு தரம். மழைக்காலத்தில் எண்ணெய் வேண்டாம், துடைத்து வைத்தாலே போதும், இல்லாவிட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும். குழல் வைக்கும் பெட்டி வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு இரண்டு மூடி போட்ட பி.வி.சி. குழாய்த் துண்டு நல்ல உறை. வண்டி டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.

தோலுக்கு இந்த வசதிகள் இல்லை. ஜீப்காரர் தொப்பிப் பக்கத்தை மாற்ற வேண்டும். கோயம்புத்தூரிலும் ஆட்கள் உண்டு, ஆனாலும் அவருக்குப் பெருவெம்புதான். பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில் இருக்கிற ஊர். கடச்சிக் கொல்லர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செண்டை, மத்தளம், மிருதங்கம், இடக்கை எல்லாம் செய்கிற இடம். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மலைச்சுரம் இறங்கி, மண்ணார்க்காடு தாண்டி, பாலக்காடு சுற்றிப் போக ஒரு நாள் ஜீப் சவாரிக் காசு போய்விடும். அதுவும் மழையில் போய்ப் பயனில்லை. தோல் நன்றாகக் காய்ந்து இழுபடாமல் கட்டினால் வெயில் வந்ததும் குணம் மாறிவிடும் என்று அவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

எனக்கும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. சிவராத்திரிக்குச் செம்மண்ணூர் மல்லீஸ்வரன் கோயிலில் கூட்டம் சேரும். விரதமிருந்த ஊர்க்காரர்கள் மல்லீஸ்வரன் முடியில் ஏறி விளக்கேற்றுவார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பஜனைக் குழுவும் ஓரமாக உட்காரும். மாசியில் கிழக்குக் காற்று காய்ச்சி எடுக்கும், குழலும் மிருதங்கமும் ஏறி நிற்கும், பெட்டியையும் ஏற்றிவைப்போம். போன வருடம் பாடுகிற அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்: "தம்பி, உங்க சாமானுக்கு வெயில் சரிங்க. எந்தொண்டை அதோட ஏறாதுங்க." நியாயமான பேச்சு. தோலை ஓரளவு இறக்கிவிடலாம், மூங்கிலை இறக்க முடியாது. அடுத்த சிவராத்திரிக்குள் நாலரைக் கட்டைக் குழல் ஒன்று வாங்கிவிட வேண்டும். கோயம்புத்தூர்க் கடைக்காரரிடம் நல்ல முற்றிய மூங்கிலாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லியாகிவிட்டது. வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.